கெசையா என்ற பெயர்

கபண்டா,
14 ஜூன் 2009

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் டேமியனும் வயிற்றிலிருக்கும் சின்னவளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஜூன் மாதக் குளிர்காலம் எலும்பைத் துளைக்கிறது. விறகுக்காரன் போட்டுவிட்டுப் போனதில் பாதி ஈர விறகு, வீடெல்லாம் புகை. சின்னவளுக்குப் பின்னிய கம்பளிச் சட்டைகள் இரண்டைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். ஒன்றின் கை கொஞ்சம் நீளம், மடித்துவிடு.

நீ கேட்ட வம்சாவளி மரப் படம் இதில் இல்லை. தொட்டிலுக்கு மேலே மாட்டக் கண்ணாடிச் சட்டம்கூட வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். பொறு, சொல்கிறேன். தொலைபேசியில் சொன்னால் அழுதுவிடுவேன்.

1866இல் இருபது வயதில் தனியாளாக இங்கிலாந்திலிருந்து பூமியின் இந்தத் தென்கோடிக்குக் கப்பலேறி வந்த என் கொள்ளுப்பாட்டி கெசையாவைத்தானே தேடச் சொன்னாய்? அவள் பெயர்தான் எனக்கும். அதையே உன் மகளுக்கும் வைக்கப்போகிறாய்.

இங்கிலாந்தில், டார்செட்டிலிருக்கும் அவள் ஊர்த் தேவாலயத்துக்கு எழுதினேன். பதிவேட்டின் நகல் வந்தது. கெசையா, மூன்று வயது, அடக்கம் 1844. செத்தவளா கப்பலேறி வந்தாள் என்று சிரித்தேன். வேறு ஊரைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, அங்குள்ள எழுத்தருக்குக் கொஞ்சம் சூடாகவே பதில் போட்டேன். அந்த மனிதர் பொறுமையாக இன்னொரு நகலை அனுப்பினார். அதே தாய் தகப்பனுக்கு 1846இல் மீண்டும் ஒரு கெசையா. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கமாம்.

மறுநாள் நம் ஊர்க் கல்லறைக்குப் போனேன். கொள்ளுப்பாட்டியின் கல்லுக்குப் பக்கத்தில் புல் மூடிய சின்னக் கல் ஒன்று. விரலால் தடவித் தடவிப் படித்தேன். கெசையா, மூன்று வயது, 1870. அவளுடைய மூத்த மகள். இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள்தான் என் பாட்டி. அவளும் கெசையா. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பார்.

சனிக்கிழமை முதியோர் இல்லத்தில் வின் சித்தியைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு வயதிலும் நாக்கு மழுங்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க இங்கிலாந்துக்குக் கடுதாசி போட்டாயாக்கும் என்று நக்கலடித்தாள். பிறகு டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நீயும் ரெண்டாவதுதான்டி. உங்கம்மாவுக்கு உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. மூணு வயசுல போயிட்டா. நம்ம ஊர்க் கல்லறையில யூகலிப்டஸ் மரத்தடியில படுத்திருக்கா.”

அங்கே கல்லே இல்லையே என்றேன்.

“பேரைத்தான் உனக்குக் குடுத்தாச்சே. கல்லுல எழுத என்ன மிச்சம்?”

இன்னொன்றும் சொன்னாள். மூன்று வயதில் நான் அம்மாவிடம் போய், என் சிவப்பு ஷூ எங்கே என்று கேட்டேனாம். எனக்குச் சிவப்பு ஷூவே கிடையாது. அது மூத்தவளின் காலில் போட்டுப் புதைத்தது. அன்றிலிருந்து அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். யோசித்துப் பார்த்தேன், நிஜம்தான். ‘குட்டி’, ‘இங்கே வா’, அவ்வளவுதான். என்மேல் பிரியமில்லை என்றுதான் இத்தனை காலம் மனதுக்குள் குமைந்திருந்தேன். பெயரைச் சொன்னால் எவள் திரும்பிப் பார்ப்பாளோ என்று பாவம், பயந்திருக்கிறாள்.

மார்னி, அந்த ஷூவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் வலது காலின் கொக்கி மட்டும் இறுக்கிப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று டேமியன் சொல்வான். சொல்லட்டும். அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பானும் காய்ச்சலும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின, இப்போது தடுப்பூசி இருக்கிறது என்று நீயும் சொல்வாய். எனக்கும் தெரியும். ஆனாலும் மூன்று தடவையும் அந்தப் பெயரை முதலில் சுமந்தவள் நாலு வயதைப் பார்க்கவில்லை. உன் வயிற்றில் இருப்பது முதல் பிள்ளை.

உனக்கு அந்தப் பெயரை வைக்க நான் துடித்தேன். கிழட்டுப் பெயர் என்று உன் அப்பா ஒற்றைக்காலில் நின்று மறுத்துவிட்டார். அதற்காக ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. நேற்று அவர் படத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

கெஞ்சிக் கேட்கிறேன், வேறு பெயர் வை. நம் வம்சத்தில் யாருக்குமே இல்லாத பெயராக இருக்கட்டும். பூவோ பறவையோ, எதுவானாலும் சரி. உன்னை வாசலில் நின்று ஆயிரம் தடவை பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குப் பயமாக இருந்ததில்லை. நீயும் உன் மகளை அப்படிக் கூப்பிட வேண்டும். கர்த்தர் அந்த வரத்தை உனக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா