என் பெயரில் நிற்கும் குளம்

தென்காசி
14-7-1957

கொழும்பில் இருக்கும் அண்ணனுக்குத் தங்கை கோமதி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது, ஊரே அருவிக்கு ஓடுகிறது. நான் போகவில்லை. போகிற நிலையில் நீங்கள் என்னை வைக்கவில்லை.

பழைய குளங்களை ஆராயும் மதராஸ் புரொபசர், யுத்த காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த போட்டோக்களை அனுப்பி, பார்த்துக் குறிப்பதற்கு ஆள் சேர்க்கச் சொன்னதை முன்பே எழுதியிருந்தேன். ஞாயிறுதோறும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. சம்பளம் கிடையாது, காப்பி மட்டும். ஒரு படத்தை மூன்று பேர் தனித்தனியாக லென்ஸ் வைத்துப் பார்த்து, மேலே மெல்லிய தாளைப் போட்டுக் குளக்கரையைப் பென்சிலால் வரைய வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் சரி. எங்கே ஒத்துப்போகிறது! ஒருவருக்குக் குளமாகத் தெரிவது இன்னொருவருக்கு நெற்களமாகத் தெரியும். சுடலைக்கண்ணு சாரும் பரீதும் இதற்காகவே ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள்.

போன வாரம் வடகரைப் படம். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். மயிரிழைகூடப் பிசகவில்லை. இதுவரை ஒரு படத்துக்கும் இப்படி நடந்ததில்லை. லென்ஸை வாங்கி நானே பார்த்தேன். குளத்துத் தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பில் ஒரு பகுதியைத்தான் மூன்று பேரும் கரைக்கு வெளியே தள்ளி வரைந்திருந்தார்கள். என் கல்யாணச் சீருக்கென்று நீங்கள் என் பெயரில் வாங்கிய தென்னந்தோப்பு இன்று நிற்பது அங்கேதான்.

ஏன் பொய்யாக வரைந்தீர்கள் என்று கத்திவிட்டேன். சாரும் பரீதும் பென்சில்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஆளான வடகரை ஹாஜரா பீவிதான் வாயைத் திறந்தாள். "ஆவணியில கல்யாணத்த வச்சிக்கிட்டு டீச்சர் தோப்புக்கு ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு நாங்களே பேசி வச்சிக்கிட்டோம்" என்றாள். யார் சொல்வது பாருங்கள்! குளம் சுருங்கிப்போனதால், தோப்புக்கு அந்தப்புறம் தண்ணீர் ஏறாமல் தரிசாகக் கிடப்பதே அவளுடைய வயல்தான். அவள் என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள். என் கூடப்பிறந்த நீங்கள் என்ன செய்தீர்கள்?

தோப்பைப் பேசி முடித்த மந்திரமூர்த்தி மாமாவிடம் நேரே போய்க் கேட்டேன். "ஏட்டி, ஒங்கண்ணனுக்குத் தெரியாமலா? கரைய உள்ள தள்ளிப் போடச் சொன்னதே அவன்தான்" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

நீங்கள் கடையில் நின்று நின்று கால் வீங்கச் சம்பாதித்தது எனக்குத் தெரியும். எனக்காகத்தான் செய்தீர்கள் என்பதும் தெரியும். அதுதான் அண்ணே வயிற்றெரிச்சல். வேறு யாருக்காவது செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். அடுத்த ஞாயிறுக்குக் காத்திராமல் வேறு மூன்று பேர் வரைந்தார்கள், வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டு. அவர்கள் தாளில் தோப்பு குளத்துக்குள் இருக்கிறது. நேற்று மதராஸுக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். தோப்பு இல்லை என்று செங்கோட்டை மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. அங்கிருந்து இன்னும் பதில் இல்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

மரமெல்லாம் பாளை விட்டிருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆவணியில் வந்துவிடுங்கள். வந்ததும் நேரே வீட்டுக்கு வராதீர்கள். வடகரைக்குப் போய், நீங்கள் போடச் சொன்ன கரையை நின்று வெட்டிவிடுங்கள். ஹாஜரா பீவி வயலில் தண்ணீர் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை நேரமானாலும் சாப்பிடாமல் காத்திருப்பேன்.

கோபம் ஆறாத தங்கை,
கோமதியம்மாள்