நாகலெட்சுமி வீடு திரும்ப வேண்டி

அனுப்புநர்:
ஆ. கந்தப்பன்,
தையற்காரர், கடைவீதி,
கொட்டகலை.

பெறுநர்:
பிரயாண அனுமதி உயர் அதிகாரி அவர்கள்,
கொழும்பு.

பொருள்: இந்தியாவில் தடைபட்டு நிற்கும் என் மனைவி நாகலெட்சுமி கொட்டகலைக்குத் திரும்பிவர அனுமதி வேண்டுதல்.

கனம் ஐயா அவர்களுக்கு,

1. நான் கொட்டகலையில் பிறந்து, இந்நாட்டுப் பிரஜையாகப் பதிவு பெற்று, கடைவீதியில் தையல் கடை நடத்துபவன். என் மனைவி நாகலெட்சுமி மதுரைக்கு அடுத்த மேலூரில் பிறந்து, தங்கும் அனுமதி பெற்று என்னோடு இங்கே வாழ்ந்தவர். தாயாரின் கடைசிக் காலத்தில் அருகிலிருக்கவென்று சென்ற ஆனி மாதம் ஊருக்குப் போனார். காரியங்கள் முடித்துத் தனுஷ்கோடிக்கு வந்தவரைக் கப்பலேற விடவில்லை. இன்றுவரை மேலூரில் தம் அக்காள் வீட்டில் இருக்கிறார்.

2. நடந்தது இதுதான். எப்போதாவது சிறைக்குப் போனதுண்டா என்று அங்கிருந்த இந்நாட்டு அதிகாரி எல்லாரிடமும் கேட்பதுபோல் இவரிடமும் கேட்டிருக்கிறார். இவர் தலை நிமிர்ந்து, "ரெண்டு தடவை" என்றிருக்கிறார். பின்னால் நின்றவர்கள் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்களாம். கப்பல் இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

3. ஐயா, யுத்தத்துக்கு ஆள் தரக்கூடாதென்று தெருவில் பேசியதற்காக ஒருமுறை, நாற்பத்திரண்டாம் வருடம் தாலுகா கச்சேரிக் கட்டடத்தில் கொடியேற்றியதற்காக ஒருமுறை, வெள்ளையர் ஆட்சி அவரைச் சிறையில் வைத்தது. அவருடைய ஊரில் இதைச் சொன்னால் பந்தியில் முதல் இலை போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அதிகாரியிடமும் சொல்லிவிட்டார். ஒரு கரையில் பெருமையாக இருப்பது மறு கரைக்குக் குற்றமாகும் என்று அவர் யோசிக்கவில்லை.

4. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தம் அண்ணன் செல்லசாமியைப் பார்க்க 1948-இல் இங்கே வந்தவர், பார்த்ததோடு திரும்பிப் போய்விடவில்லை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் அவர்கள் விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் வெறும் சாக்கில் கிடந்ததைக் கண்டார். துணிமூட்டையோடு என் கடைக்கு வந்து, குழந்தைகளுக்குக் கூலியில்லாமல் சட்டை தைத்துத் தரச் சொன்னார். நானும் சாப்பிட வேண்டாமா என்றேன். கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறியலில் பழகியவரை யாரால் எழுப்ப முடியும்? பொழுது சாயும்வரை தைத்தேன். அடுத்த வருடம் அவரையே கட்டிக்கொண்டேன். பெண்களுக்கு மாலையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும், சம்பள நாளில் கசிப்புச் சாராயம் விற்பவன் வாசலில் போய் அமர்ந்து வியாபாரத்தைக் கெடுத்ததும் அவர்தான்.

5. இப்போது குழந்தைகள் பழையபடி சாக்கில் கிடக்கின்றன. தோட்டத்து வீரம்மா கடைக்கு வரும்போதெல்லாம், "அக்கா எப்பங்க வருவாங்க?" என்கிறாள். கொழும்பு ரயில் வரும் நேரம் நான் கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவர் அதில் வரமாட்டார் என்று தெரியும். தெரிந்தும் கால் நிற்பதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் பிளாட்பாரச் சீட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். இதை எழுதியதற்காக அவர்மீது நடவடிக்கை எடுத்துவிட வேண்டாம்.

6. செய்தது தவறு, அதற்கு வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்துவிடலாமா என்று, ஊருக்குப் போன அழகுமுத்து மூலம் நாகலெட்சுமியிடம் கேட்டனுப்பினேன். அவர் சொல்லியனுப்பிய பதில்: "ஜெயில்ல கேட்டப்பவே எழுதிக் குடுக்கலன்னு அவுககிட்டச் சொல்லுங்க. இப்ப எழுதிட்டு வந்தா அவுக மொகத்தை எப்படிப் பாப்பேன்?"

7. ஆகவே ஐயா, அவரிடம் எந்த வருத்தமும் எழுதி வாங்காமல் திரும்பிவர அனுமதிக்க வேண்டுகிறேன். அவரளவு நெஞ்சுறுதி எனக்கில்லை. அவரைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இன்னொரு மழைக்காலத்தைத் தனியே கழிக்க நேர்ந்தால், எனக்காக எழுதிக் கொடு என்று நானே கெஞ்சிவிடுவேன். நான் கெஞ்சினால் அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். வெள்ளையர் சிறையால் முடியாததை நான் செய்துவிடுவேன். அதற்கு முன்னால் தாங்கள் உத்தரவு அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
ஆ. கந்தப்பன்
(ஒப்பம்)

இடம்: கொட்டகலை
நாள்: 12.3.1957