மேல்பலகைக்கு நான் சொன்ன அளவு

என் அன்பு அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடிய இடங்களையும் விடமாட்டேன். நீங்கள் போய் நாளையோடு ஒரு வருடம். நாளைக்கு உங்கள் படத்துக்குக் கீழே இதை ஒட்டிவைக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா, எனக்கு உங்களை நினைத்தால் பயம்.

உயிரோடு இருந்தபோது உங்களிடம் நான் ஒரு நாளும் பயந்ததில்லை. பயமெல்லாம் நம் வேனின் பின்பக்கத்தில் படுத்திருக்கிற உங்களிடம்தான். பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கடைசியில் குறுக்காக ஒரு படுக்கை அடித்து, ஓரமாக அடுப்பு வைத்து, மலை பார்க்க வருகிறவர்கள் தங்கும் வண்டியாக மாற்றினீர்களே, அந்தப் படுக்கை. நெஞ்சு வலிக்கிறது என்று நீங்கள் சொன்ன அன்று அதில்தான் உங்களைப் படுக்கவைத்தோம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அம்மா ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா இன்னாடி பண்றாரு?" என்று ஒவ்வொரு வளைவிலும் அம்மா கேட்டாள்.

"தூங்கறாரும்மா" என்றேன்.

அப்போது அமிர்திக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தோம். உங்கள் பாதம் நான் பிடியைத் தளர்த்தினால் தானாகச் சாய்ந்துகொண்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அம்மாவின் கை ஸ்டியரிங்கில் நடுங்கிவிடும் என்று பயந்தேன். கணியம்பாடி தாண்டும்வரை அதே பொய்யை மூன்று தடவை சொன்னேன்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால்? வண்டியை நிறுத்தி யாரையாவது கூப்பிட்டிருந்தால்? இந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுத்தான் நீங்கள் அந்தப் படுக்கையிலேயே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு நான் வேனின் பின்பக்கம் ஏறவே இல்லை. வண்டியைத் துடைக்கச் சொன்னால் முன்சீட்டோடு நிறுத்திவிடுவேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற உள் கண்ணாடியை அம்மா கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "சைடு கண்ணாடி போதும்டி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

இனி வண்டிச் செய்தி. இந்த ஒரு வருடத்தில் தங்குவதற்கென்று யாருமே வரவில்லை. புளி மூட்டையும் சாமை மூட்டையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஜமுனாமரத்தூருக்குப் போய்வந்தது, அவ்வளவுதான். போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். கணவன், மனைவி, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. மூன்று பேருக்கும் படுக்க இடமிருந்தால் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். நீங்கள் அடித்த படுக்கையில் இரண்டு பேர்தான் படுக்கலாம். ரயிலில் இருப்பதுபோல அதற்கு மேலே ஒரு பலகை போட்டுவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். "இவங்களும் வரலன்னா வண்டிய வித்துட வேண்டியதுதான்" என்றும் சொன்னாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் என் புத்தியைக் கெடுத்தது.

செங்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற மாமா போனில் அளவு கேட்டார். பின்கதவைத் திறந்து, வெளியில் நின்றபடியே இஞ்ச் டேப்பை நீட்டி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே அளந்தேன். அஞ்சடி எட்டு இஞ்ச். மாமாவிடம் அஞ்சடி ஆறு என்று சொன்னேன். ஒரு அடி குறைத்தால் சந்தேகப்படுவார்; இரண்டு இஞ்ச் என்றால் கை தவறியதாக நினைப்பார். பலகை பொருந்தாது. அந்தக் குடும்பம் வராது. வண்டியை அம்மா விற்றுவிடுவாள். வண்டியோடு நீங்களும் போய்விடுவீர்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன் அப்பா.

நேற்றுக் காலை மாமா, மரக்கடையில் அந்த அளவுக்கு அறுத்து வாங்கிய பலகையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"இன்னா ரைட்டரம்மா, நோட்டும் கையுமா நிக்கிற? எஃப்.ஐ.ஆர். எழுதறியா?"

"நடக்கறத எழுதறேன் மாமா."

"எழுது எழுது. பஸ்ல பலகை சொகமாப் படுத்துக்கினு வந்துச்சு, மாமா ஒத்தக் கால்ல நின்னுக்கினு வந்தாருன்னு எழுது."

பலகையைத் தாங்க, இரண்டு பக்கச் சுவரிலும் ஒன்றரை இஞ்ச் அகல இரும்பு ஆங்கிளை போல்ட் போட்டு முடுக்கினார். பலகையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். ஒரு முனை சுவரைத் தொட்டதும் மறுமுனை நழுவி, உங்கள் படுக்கையின் மேல் தொம்மென்று விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அளவு கொஞ்சம் ஒதச்சிடுச்சிக்கா" என்றார் மாமா. "நடுவால வெச்சி நாலு ஸ்க்ரூ முடுக்கிட்டா அசையாது. வேற பலகை வாங்கணும்னா நா செங்கம் போய்ட்டு வரணும். சனிக்கெழமக்குள்ள ஆவாது."

"நிக்குமாடா?" என்றாள் அம்மா.

"நிக்கும்க்கா. நான் சொல்றேன்ல."

நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவில் வைத்தால் பலகை ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச்தான் ஆங்கிளில் உட்காரும். ஸ்க்ரூ பிய்த்துக்கொண்டு அந்த அரை இஞ்ச் நகர்ந்தால் போதும், விழுந்துவிடும். மேலே அந்தக் குழந்தையின் அப்பா. கீழே குழந்தை. முந்தின நாள் அந்தக் குழந்தை தன் அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி என்னிடம் கேட்டிருந்தது: "அக்கா, உங்க மலையில ஏறுனா ஸ்டார் கைக்கு எட்டுமா?"

இத்தனை நாள் உங்களுக்குப் பயந்த பயமெல்லாம் இதன்முன் ஒன்றுமே இல்லை.

"மாமா, வோணாம். அரை இஞ்சுல நிக்காது."

"ஸ்க்ரூ போடறன்டி."

"வோணாம் மாமா! அளவு அஞ்சடி எட்டு. நாந்தான் தெரிஞ்சே கொறச்சி சொன்னேன்."

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். அம்மா வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னாத்துக்குடி?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பா அங்கயே படுத்துக்கினு கீறாரும்மா. எனக்கு பயமா கீது. அன்னிக்கு தூங்கறாருன்னு சொன்னேன்ல, அதுவும் பொய்தாம்மா."

மாமா அந்தப் பக்கம் திரும்பி, விழாத போல்ட்டைத் தரையில் தேட ஆரம்பித்தார். அம்மா அடிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றாள். "கண்ணாடில பாத்தேன். அவரு கால கெட்டியாப் புடிச்சிக்கினு நீ என்னையே பாத்துக்கினு இருந்த. நீ தூங்கறாருன்னு சொன்ன. அதப் புடிச்சிக்கினுதான் வேலூர் வரைக்கும் ஓட்டினேன்."

"நிறுத்தி இருக்கலாமாம்மா?"

"அந்தக் காட்டுல எங்கடி நிறுத்தறது? யாரக் கூப்புடறது?" டிரைவர் சீட்டுப் பக்கம் கையைக் காட்டி, "அன்னிக்குத் திருப்பி வுட்டேன் அந்தக் கண்ணாடிய. உனக்கு மட்டும்தான் பயமா?" என்றாள்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு பேரும் அழுது முடிச்சீங்கன்னா, வூட்ல பழைய கட்டில் சட்டம் எதுனா கீதா பாருங்க."

இருந்தது. அதை இரண்டாக அறுத்து, ஆங்கிளின் மேல் வைத்து, சுவரோடு சேர்த்து நீளப் போல்ட் போட்டார். இப்போது பலகைக்குப் பக்கத்துக்கு மூன்று இஞ்ச் பிடிமானம்.

"நான் மேல ஏறிப் படுத்துப் பாக்கறேன். கீழ யாரும் நிக்காதீங்க" என்றார்.

"கீழ நான் படுக்கறேன்" என்றேன்.

"வோணாண்டி" என்றாள் அம்மா.

"அந்தப் பாப்பா படுக்கும்ல?"

ஒரு வருடத்துக்குப் பிறகு பின்பக்கம் ஏறினேன். ரெக்ஸின் மெத்தை ஜில்லென்று இருந்தது. கண்களை இறுக்க மூடிக்கொண்டேன். மாமா மேலே புரண்டபோது பலகை கரக் என்று முனகியது. கண்ணைத் திறந்தேன். முகத்துக்கு நேரே, பலகையின் அடியில், மரக்கடைக்காரர் பென்சிலால் பெரிதாக எழுதியிருந்தார்: 5 அடி 6. என்னுடைய பொய், படுத்தால் படிக்கிற மாதிரி.

நீங்கள் அங்கே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நடந்தபடியே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். இருந்தீர்களா, இல்லையா, எனக்குத் தெரியவில்லை அப்பா. கொஞ்சம் ஒதுங்கிப் படுத்தேன், உங்களுக்கும் இடம் விட்டு.

"ரைட்டரம்மா, உயிரோட கீறியா?" மேலேயிருந்து குரல் வந்தது.

"கீறேன் மாமா."

"அப்ப பலகை பாஸ்."

நாளை மறுநாள் அவர்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி நாமே படுத்துப் பார்த்துவிடலாம் என்று அம்மா சொன்னதால், இதை வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா மேல்பலகையில். நான் கீழே. ஏறுவதற்கு முன் அம்மா முன்னால் போய் உள் கண்ணாடியைக் கீழே இறக்கித் திருப்பினாள். இங்கிருந்து பார்த்தால் அதில் என் முகமும் என் பக்கத்தில் கொஞ்சம் காலி இடமும் தெரிகிறது. பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வண்டியில் யார் படுக்க வந்தாலும் அதற்கு முன் எல்லா போல்ட்டையும் நானே தொட்டுப் பார்ப்பேன். எதையும் இரண்டு தடவை அளப்பேன். இனி யாராவது என்னிடம் "இன்னாடி பண்றாரு?" என்று கேட்டால் பார்த்ததைச் சொல்வேன். பயந்துகொண்டாவது சொல்வேன்.

உங்கள் பாதத்தைக் கடைசிவரை விடாத மகள்,
யாழினி

அம்மா மேலேயிருந்து கையை நீட்டி விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.