மினுக்கி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள்

என் அருமை வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், சித்தி என்னோடு பேசாமல் நலமாக இருக்கிறாள். நீ எல்லோரோடும் பேசிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சித்திக்கு என்ன கோபம் என்று அம்மாவிடம் கேட்டாயாம், அவள் சிரித்துவிட்டு உங்கப்பாகிட்டயே கேளு என்று போனை வைத்துவிட்டாளாம். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

அம்மா காய்ச்சுகிற மெழுகுக்கு மினுக்கி என்ற பெயரை டிரேட்மார்க்காகக் கேட்டு நானே மனுப் போட்டேன் அல்லவா, வக்கீல் எதற்கு, நமக்கு எழுதத் தெரியாதா என்று. பொருளின் விவரம் என்று கேட்டிருந்த இடத்தில் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். தோல் செருப்பு, கைப்பை, மர நாற்காலி, வெடித்த குதிகால், கிறீச்சிடும் கதவுக் கீல், மூட்டுவலி, இன்ன பிற. அந்த 'இன்ன பிற'வை எழுதியபோது என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது அந்த ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மரியாதையான கடிதம்தான், ஆனால் சாரம் என்னவென்றால், ஐயா, இது என்னதான் பொருள், தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி, பெயரும் போச்சு. அம்மா அதைப் படித்துவிட்டு, டப்பாவுல இருக்கறது ஒரு மெழுகு, மனுவுல இருக்கறது ஒரு கடைத்தெரு என்றாள்.

மனுவைப் பார்க்கும் அதிகாரி ஒரு பெண், போனில் பொறுமையாகவே விளக்கினாள். டிரேட்மார்க்குக்காகப் பொருட்களையெல்லாம் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்களாம். தோலுக்கும் மரத்துக்கும் மெருகேற்றும் மெழுகு மூன்றாம் வகுப்பாம். கீலுக்குப் போடும் மசகு நாலாம் வகுப்பு. வலிக்கு மருந்து என்றால் ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். இன்ன பிறவுக்கு வகுப்பே கிடையாது. எழுதியதில் வேண்டாததை அடிக்கலாம், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, அடித்ததைத் திரும்ப இந்த மனுவுக்குள் கொண்டுவரவும் முடியாது. சரி, குதிகால் எதில் வரும் என்று கேட்டேன். பாதத்துக்குப் பூசுவதும் மூன்றாம் வகுப்புதான் என்றாள். சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்து குதிகாலுக்கு மினுக்கி தடவிக்கொண்டிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உன் காலும் என் செருப்பும் ஒரே வகுப்பாம் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனவள்தான்.

கீலை அடிக்க எனக்கு வருத்தமே இல்லை. இன்ன பிறவை மட்டும் இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு அடித்தேன். ஐந்தாம் வகுப்பைத்தான் விட மனசு வரவில்லை. வலி போக்கும் என்று டப்பாவில் போட்டால் முன்வரிசையில் வைக்கிறேன் என்று நம் கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கும் மேலே, என் முழங்கால் இதனால்தான் சரியானது என்று நான் சத்தியமாக நம்பினேன். அதிகாரி ஆதாரம் கேட்டபோதும் அதையே சொன்னேன். முழங்காலை மனுவோட இணைக்க முடியாதுங்களே என்றாள். நான் விடுவேனா, வீட்டில் வந்து அம்மாவிடம் வாதாடினேன். சாயங்காலம் நான் பேப்பர் படித்துக்கொண்டே காலை நீட்டுவேன், அவள் தேய்த்துவிடுவாள், வலி பறந்துவிடும், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, இந்த வாரம் பூரா தேய்ச்சது சமையல் எண்ணெய் என்றாள். வாரம் முழுக்க நான் மெழுகின் மகிமையைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன், மணத்தையும் சேர்த்து.

அப்படியும் ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். உன் மகள் அவ்வளவு தூரத்தில் இருந்தும் தோள்வலிக்கு இதைத்தான் தடவுகிறாள், இன்னும் நாலு டப்பா அனுப்பச் சொல்லியிருக்கிறாள், அவளும் பொய்யா சொல்கிறாள் என்றேன். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. வலி போயிருந்தா எதுக்கு நாலு டப்பா என்று கேட்டாள். நீ கேட்டபோது அது எனக்கு நல்ல சேதியாகத்தான் பட்டது, வெளிநாட்டு ஆர்டர் என்று கடையில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். மாதக்கணக்காக வலிக்கிறது என்று நீ சொன்னதை நான் காதிலேயே வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அவ வலி குறையுதுன்னு சொல்லியிருப்பா என்றாள் அம்மா.

மறுநாள் பதில் எழுதிவிட்டேன். தோல் மற்றும் மரப் பொருட்களுக்கான மெருகு மெழுகு, பாதங்களுக்கான பூச்சு, மருந்து அல்ல. மூன்றாம் வகுப்பு ஒன்றே போதும். அந்த 'மருந்து அல்ல' இருந்தே ஆக வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தாள், என் கையாலேயே எழுதினேன். பெயர் கிடைத்துவிடும் போலிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், திருப்பிக்கொள்ளட்டும்.

ஆனால் உன்னிடம் இருக்கும் டப்பாவில் அந்த இரண்டு வார்த்தை இல்லை. அதனால் உனக்குத் தனியாக எழுதுகிறேன். மினுக்கி மருந்து அல்ல, கண்ணு. காய்ச்சுகிறவளும் சொல்கிறாள், விற்கிறவனும் சொல்கிறேன். இந்த வாரமே ஒரு நல்ல டாக்டரிடம் தோளைக் காட்டு, வேலை இருக்கிறது, அடுத்த வாரம் என்று சாக்குச் சொல்லாதே, செலவைப் பார்க்காதே. கனமான பையை அந்தத் தோளில் மாட்டாதே. டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல், என்னிடம் சொன்னால் எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொல்லிவிடுவாய். நீ கேட்ட நாலு டப்பாவை நான் அனுப்பப்போவதில்லை.

வலி நோவு இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு. மறக்காதே, இந்த வாரம்.

உன் அன்பு அப்பா