மார்கழியிலேயே திரும்பிவிட்டது, அத்தான்

என் அன்பு அத்தான்,

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. ஸ்கந்தபுரத்தில் உங்கள் சைக்கிள் கடையை இப்போது நான்தான் திறக்கிறேன். நான் ஒட்டுப் போட்ட ரியூபில் மறுநாளே காற்றுப் போகிறது. ஏசுகிறவர்களுக்குப் பகிடி விட்டுச் சமாளிக்கிறேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

ஒரு பகிடியை மட்டும் சமாளிக்க முடியவில்லை. போன மார்கழிக் கடைசியில், உங்கள் செத்த வீட்டில் அழுதவர்களைச் சிரிக்க வைக்க நினைத்து, "அத்தானுக்கு எப்பவும் அவசரம். தை பிறந்து சூரியன் வடக்கை திரும்ப முதலே ஓடிட்டார்" என்றேன். சூரியன் தெற்கே போகும் காலத்தில் செத்தால் நல்ல வழி இல்லை என்று நம்புகிற அக்கா, அறைக்குள் இருந்து கேட்டுவிட்டா. ஒரு வருடமாக அதையே சொல்லி அழுகிறா.

சூரியன் மார்கழியிலேயே திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஒருநாள் நீங்கள் ஒரு சைக்கிளின் முன்சில்லைக் கழற்றி, அச்சின் ஒரு நுனியைக் கயிற்றில் கட்டித் தூக்கி, சில்லைச் சுற்றிவிட்டீர்கள். சில்லு விழாமல் சுழல, அச்சு மெல்ல மெல்ல வட்டம் போட்டது.

"டேய், பூமியின்ரை அச்சும் இப்பிடித்தான் ஆடுது. ராசியெண்டது சூரியன் போற பாதையிலை இருக்கிற நட்சத்திரக் கூட்டம். முந்தி சூரியன் மகர ராசிக்குள்ளை போற தை முதலாம் நாளும் வடக்கை திரும்பிற நாளும் ஒண்டு. அச்சு ஆடி ஆடி, இப்ப மார்கழி பிறந்த கையோடையே திரும்பிடுது."

"எனக்குத் தலை சுத்துது அத்தான். அக்காட்டை ஒரு பிளேன்ரீ கேளுங்கோ."

இந்த மார்கழியில் கடை வாசலில் ஒரு கல்லை வைத்தேன். மழை விட்ட காலைகளில் அக்காவை அதன்மேல் நிறுத்தினேன். மார்கழித் தொடக்கத்தில் வயலுக்கு அப்பால் ஒற்றைப் பனைக்கு நேரே எழுந்த சூரியன், பொங்கல் வருமுன்பே பனையை விட்டு வடக்கே விலகிவிட்டது.

"அப்ப, அவர் போகேக்கை சூரியன் திரும்பிட்டுதோடா?"

"ஓம் அக்கா."

"தெரிஞ்சுகொண்டே ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ?"

வாய் ஓயாத நான் ஒட்டுப் போட ஒரு ரியூபை எடுத்துக்கொண்டு குந்திவிட்டேன், அத்தான். ஏன் சொன்னேன் என்று உங்களுக்காவது தெரியுமா?

அன்று அந்தப் பகிடியை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அதனால்தான் இன்று எல்லாரும் வாசிக்கக் கடைக் கதவில் ஒட்டுவதற்கு இதை எழுதுகிறேன். திவசத்துக்கு வருகிறவர்களை விடிய முதலே கூப்பிட்டு, அந்தக் கல்லில் ஏற்றிப் பனையைக் காட்டுவேன். பகிடி விடமாட்டேன். அக்கா சிரித்தால் மட்டும் ஒன்றே ஒன்று.

அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லாத,
உங்கள் மச்சான்