முன்பாதி

மார்ச் 4
அக்கா இறந்துபோனபின் நேற்றுதான் ஆய்வகத்துக்குத் திரும்பினேன். பண்ணையிலிருந்து வந்த அடைமுட்டைகளை ஃபிரிட்ஜில் வைப்பதற்குப் பதில் இன்குபேட்டரில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காலையில் திறந்தால் வெதுவெதுவென்று சூடு.

மஞ்சள்கருவின் மேலுள்ள வெள்ளைப் பொட்டில், உடலுக்கான கோடு விழும் முன் குறுக்கே வெட்டினால் முன்பாதி, பின்பாதி இரண்டும் தனித்தனிக் கருவாகும். இரட்டைகள். என் வேலையே அதுதான். ராத்திரிச் சூட்டில் எல்லாவற்றிலும் கோடு விழுந்திருந்தது. தெரிந்தே வெட்டினேன்.

"கோடு விழுந்தப்புறம் வெட்டினா முன்பாதி என்னம்மா பண்ணும்?" என்றார் பேராசிரியர். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 5
பின்பாதிகள் எப்படியோ வளர்கின்றன. முன்பாதிகள் வெறும் சவ்வு.

நானும் அக்காவும் ஒரே கரு. முப்பத்தோரு வயதில் வெட்டினால்?

மார்ச் 8
அம்மா தட்டை வைத்தாள். "இன்னும் போட்டுக்கோ" என்று சுவரிடம் சொன்னாள். அக்கா போனதிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் முகமும் இதுதானே. அதுக்கு நான் என்ன பண்ண? கழட்டியா வைக்க முடியும்?

மார்ச் 9
ஒன்றுமில்லை.

மார்ச் 12
புது முட்டைகள். ஃபிரிட்ஜ்தானா என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன். கோடு விழும் முன்பே வெட்டியாயிற்று.

மார்ச் 13
'இங்கிருந்து உடலைத் தொடங்கு' என்று சொல்லும் ஜீன் பொட்டின் பின்ஓரத்தில்தான் விழித்திருக்கும். அது இருக்கும்வரை முன்ஓரம் வாயே திறக்காது. இன்று, அது விழித்த இடத்தை ஊதாவாக்கும் சாயம் ஏற்றிப் பார்த்தால், தனியாக விடப்பட்ட முன்பாதியின் ஓரத்தில் ஊதா.

"முழிச்சுக்கிச்சு பாரு!" பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 15
படத்தை அம்மாவிடம் நீட்டினேன். ஏன் காட்டினேன்? தெரியவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"என்னடி இது, ஊதாவா?"

"கோழிக் கரும்மா. கூட இன்னொரு பாதி இருந்தவரைக்கும் இது சும்மாவே இருந்துச்சு. தனியா விட்டதும் தானா ஆரம்பிச்சுது."

"தானாவா?"

"தானாத்தான்."

நெடுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"கண்ணுக்குக் கீழே எப்படிக் கறுத்துப்போச்சு. தூங்கறதே இல்லையா நீ?"

அக்கா படுத்ததும் தூங்கிவிடுவாள். அவளுக்குக் கறுத்ததே இல்லை.

"இல்லம்மா" என்றேன்.