அரை மில்லிமீட்டர் பிசகு

கண்ணு,

நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. உன் அப்பன் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டான். பட்டறையில் லேத், டிரில், வெல்டிங் மிஷின் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன், ஒரு வாடிக்கையாளர் பெஞ்சில் கவிழ்த்து வைத்திருந்த செல்போனுக்கும் வைத்துவிட்டேன். சரியாக அதன் இரண்டு கேமராக் கண்களிலும், கண்ணுக்கு ஒன்றாக.

"இன்னாண்ணே, போனுக்கு கண்ண மூடிட்ட?" என்றார் அவர். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். துடைத்தபோது விரலில் சந்தன வாசனை ஏறியது. அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. தேங்காய் உடைக்கிற சாக்கில் வெளியே போய் நின்றுகொண்டேன்.

போன வருடம் இதே கைவரிசையை உன் காலேஜ் லேபில் காட்டியவன் நான்.

எட்டாவதோடு நின்ற மண்டைக்கும் ஏறுகிற மாதிரி நீ சொல்லிக்கொடுத்திருந்தாய். கண்ணாடித் தொட்டிக்குள் நம் எண்ணூர் முகத்துவாரம்போல ஒரு சின்ன வாய். அங்கே தண்ணீர் எப்படிச் சுழல்கிறது, படகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அளக்கவேண்டும். தண்ணீரில் நைசான பொடியைக் கலந்து, காகிதம்போல மெல்லிய பச்சை லேசர் வெளிச்சத்தை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் சாய்த்துவைத்த கேமராக்களால் படம் எடுப்பாய்.

"ஒரு கண்ணால பாத்தா தூசி மேல கீழ போறது தெரியும் நைனா. நம்ம பக்கம் வருதா, வெலகிப் போவுதான்னு தெரியாது. அதுக்குத்தான் ரெண்டு கண்ணு."

எந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேமராக்களுக்குக் காட்ட, வெளிச்சம் விழப்போகிற அதே இடத்தில் முதலில் ஒரு தகட்டை நிறுத்துவாய். கறுப்புத் தகட்டில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்த மாதிரி. பூஜைப் பொரியோடு வந்த நான், நீ போன் பேச வெளியே போன நேரத்தில், காலித் தொட்டிக்குள் நின்ற அந்தத் தகட்டின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். நன்றாக அழுத்தி.

"ஐயோ நைனா! அது இன்னா சாமி படமா?"

"மிஷின்தானம்மா. அதுக்கும் ஒரு நாள் நல்ல நாள் வேணாமா?"

திட்டிக்கொண்டே துடைத்தாய். தண்ணீரை நிரப்பி, தகட்டைப் படமெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாய். தகடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அந்த மாதமே ஆஸ்பத்திரியில் உன் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். பிறகு, ரொம்ப நாள் இல்லை என்றார்கள். என்னையும் உங்கம்மாவையும் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார்கள். நாங்கள் வெளியே வந்தபோது நீ எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாய்.

தொட்டியில் நேராக ஓடும் தண்ணீருக்கு அளவு சரியாக வந்தது. சுழல் இருக்கிற இடத்தில் மட்டும் கணக்கு உளறியது. "ரெண்டு கேமராவும் வேற வேற இடத்தப் பாத்துகினு, ஒரே இடம்னு சொல்லுது. நேரா போற தண்ணில ரெண்டு இடமும் ஒரே மாதிரிதான கீது, தப்பு தெரியாது. சுழல்லதான் மாட்டிக்கும்" என்றாய். ஆனால் பிசகு எங்கே நுழைந்தது என்று பிடிபடவில்லை.

"அந்தத் தொட்டியக் கட்டிகினு அழுவாதடி. வூட்ல படு" என்றாள் உங்கம்மா.

"தப்போட வுட்டுட்டுப் போவமாட்டேம்மா."

"எங்கடி போவப் போற?" என்று கேட்டவள், குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

மற்ற நாள்களில் கஞ்சியே இறங்காத உனக்கு, லேபுக்குப் போகிற காலையில் இரண்டு இட்லி இறங்கியது. நீயாகவே எழுந்து குளித்தாய், தலையில் துணியைக் கட்டிக்கொண்டாய். எர்ணாவூரிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் கூட்டிப்போவேன். பின்னால் இருக்கிறாயா என்று அடிக்கடி கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பேன். வண்டிக்கு உன் கனமே தெரியவில்லை.

ஒரு மாலை, ஒரே நொடியில் இரண்டு கேமராக்களும் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தாய். ஒரே தூசி இரண்டு இடத்தில் நின்றது. எவ்வளவு தள்ளி என்று ஒவ்வோர் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், திடீரென்று என் பக்கம் திரும்பினாய்.

"தகடு சாஞ்சிருக்கு நைனா. இந்த ஓரத்துல அரை மில்லி. இன்னா அழுத்து அழுத்தின நீ!"

நீ அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. தகடு இருந்திருக்கவேண்டிய இடத்தைக் கம்ப்யூட்டரிலேயே திருத்தினாய். தண்ணீரின் போக்கைக் காட்டத் திரையில் தாறுமாறாக நின்ற அம்புகள் சுழலோடு சுழலாக வளைந்து திரும்பின. திருத்திய பிறகும் எவ்வளவு பிசகு மிச்சமிருக்கலாம் என்று கீழே எழுதினாய். "அதையும் சொன்னாதான் அது அளவு."

இப்போது கேட் அளந்து கொடுக்கும்போது, "ஒரு நூல் முன்னபின்ன இருக்கும் சார்" என்று நானாகவே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அன்று நாற்காலியில் சாய்ந்து, "சரியாய்டுச்சு நைனா" என்றாய்.

"சூப்பர்மா. டீ குடிக்கிறியா?" என்றேன்.

மறுநாள் காலையில் நீ வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. உன்னை அத்தனை நாளும் எழுப்பி உட்காரவைத்தது எது என்று எனக்கு அந்த நாற்காலியருகே நின்றபோதே தெரியும். டீ வாங்கப் படியிறங்கும்போது நினைத்ததை இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்: இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கணக்கு சரியாகாமலே இருந்திருக்கலாமே, கண்ணு.